தாழ்ந்த ஒலியும் கூடத்தின் அளவும்

திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரம் போன்ற தெருக்களில், நீண்டு குறுகிய கூடமே வீட்டுத் திரையரங்கமாகிறது. அங்கே தாழ்ந்த சுரங்களை எழுப்பும் சப்வூஃபர் பெட்டியை எங்கே வைப்பது?

வினாடிக்கு 80 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலி வரும் திசையைச் செவி எளிதில் அறியாது. ஆகவே அப்பெட்டிக்குரிய மேல் எல்லையைச் சுமார் 80-இல் அமைப்பது வழக்கம். எல்லை 150 ஆயின், ஆண்குரலும் பெட்டியினின்று வருவதாகத் தோன்றக்கூடும்.

ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர். எனவே 5 மீட்டர் நீளக் கூடத்தில் 35 அதிர்வுடைய ஒலி நிலையலையாகிறது. சுவரருகே ஓங்கி, நடுவே மங்குகிறது. நடுவில் அமர்ந்தவர் போதவில்லையென்று ஒலியைப் பெருக்கினால், அடுத்த வீட்டுச் சுவரே அதிரும். மாறாக, ஆசனத்தை நடுவினின்று நகர்த்துக. பின் பெட்டியை ஆசனத்தில் வைத்து இயக்கி, சுவரோரமாக நடந்து, ஒலி சீராகக் கேட்குமிடத்தில் பெட்டியை நிறுத்துக.