தோளில் சுமக்கும் அரங்கம்

எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896-இல் திறக்கப்பட்டது. ஆனால் பாட்டாலேயே நடக்கும் நாடகத்துக்கு அதைவிடப் பழைய அரங்கம் பார்க்க வேண்டுமா? செங்கல்பட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் போங்கள். கட்டடத்தைத் தேடாதீர்கள். ஒரு திடல், ஒரு பெஞ்சு, இரண்டு பேர் பிடிக்கும் திரை. தெருக்கூத்துக்கு அவ்வளவுதான் அரங்கம்.

பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், சில குழுக்களில் முகவீணை. பெயரில்தான் வீணை, உண்மையில் நாதசுரத்தின் குட்டித் தம்பி, குரல் மட்டும் அண்ணனைவிடக் கூர்மை. கூத்துக்காரர் உச்சத்தில் ஓர் அடி பாடி விட்டால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்தச் சந்தில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஆடுவார். விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில் இந்த ஏற்பாடு இல்லையென்றால் நடுச்சாமத்துக்குள் தொண்டை கட்டிக்கொள்ளும்.

காதுக்குப் பின்பாட்டு என்றால் கண்ணுக்குக் கட்டை. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. மேலே கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும். ஒருமுறை புஜக்கட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கனக்கும் என்று இரண்டு கையையும் நீட்டினேன். இரண்டு விரல் போதுமாக இருந்தது. இத்தனை லேசாக இருப்பதால்தான் இரவெல்லாம் சுழன்று ஆட முடிகிறது. தோள் இருமடங்காக விரிகிறது, ஒவ்வொரு சில்லும் விளக்கை வாங்கி இருட்டுக்குள் வீசுகிறது. திடலின் கோடியில் போர்வைக்குள் சுருண்டிருக்கும் பாட்டிக்கும் துரியோதனன் வந்துவிட்டது தெரியும். காஞ்சிபுரம் பக்கம் இந்தக் கூத்தைக் கட்டைக் கூத்து என்பது இந்தக் கட்டைகளால்தான்; பெ. ராஜகோபால் முதலான கலைஞர்கள் 1990-இல் அந்தப் பெயரிலேயே சங்கம் தொடங்கினார்கள்.

அர்ச்சுனன் தபசுக் கூத்து நடக்கும் அன்று அரங்கம் செங்குத்தாக எழுந்துவிடும். நெடிய மரம் ஒன்றை நட்டு, ஏறப் படிக்கட்டைகள் அடித்து, உச்சியில் சிறு பரண் கட்டுவார்கள். மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக் காலில் நிற்பவர் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். இந்த மரத்தடியில் அந்தச் சந்தேகம் யாருக்கும் கிடையாது. கூத்துக்காரர் படிக்கொரு பாட்டாக ஏறுகிறார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வ இலையும் விழ, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானை விரித்துக் காத்திருக்கிறார்கள். கீழே பெஞ்சிலிருந்து பின்பாட்டு அவரோடு ஏறிப் போகிறது.