கண்ணுக்குத் தெரியாத அச்சு!

தெள்ளார் வட்டாரத்தில் ஆரணிப் பட்டு நெய்யும் தறியைப் பார்த்திருக்கிறீர்களா? பாவு நூல் ஒவ்வொன்றும் அச்சின் இடுக்கு வழியாகவே வரவேண்டும். இடுக்கு நெருங்கினால் துணியும் நெருக்கம். அகன்றால் வெறும் சல்லாத்துணி!

அந்தப் பட்டுக்குப் போட்டியாகக் கடைகளில் தொங்குகிறதே பாலியெஸ்டர் சேலை, அதன் பிறப்பிலும் ஓர் இடுக்கு வேலை செய்கிறது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது.

மூன்று சகோதரர்கள்

பெட்ரோலியத்திலிருந்து ஸைலீன் என்னும் திரவம் கிடைக்கிறது. அதில் ஆர்த்தோ, மெட்டா, பாரா என்று மூன்று சகோதரர்கள். அணுக்கள் மூவருக்கும் ஒன்றே, உருவந்தான் வேறு. பாலியெஸ்டருக்கு வேண்டியவர் ஒல்லியான பாரா மட்டுமே. மற்றவர்களை என்ன செய்வது? பாராவாக மாற்ற வேண்டியதுதான்!

இதற்கு உதவுவது ஸியோலைட் என்ற படிகம். 1756-ல் ஸ்வீடன் விஞ்ஞானி க்ரோன்ஸ்டெட் இவ்வகைக் கல்லைச் சூடாக்கியபோது நீராவி பொங்கிற்று. 'கொதிக்கும் கல்' என்று பெயரிட்டார். நீர் ஒளிந்திருந்தது அதன் நுண்துளைகளில்!

ஸைலீனுக்கு ஏற்ற ஸியோலைட்டின் துளை எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரை 20 லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே. துளைக்குள் உள்ள அமிலத்தன்மை ஒரு சகோதரரை மற்றொருவராக மாற்றுகிறது. ஒல்லியான பாரா விரைவில் நழுவி வெளியே வருகிறார். பருமனான வேண்டாத பொருள்கள் பிறக்கவே உள்ளே இடமில்லை!

அளவெடுத்த துளை

சிலிக்கா, அலுமினாக் கூழை அழுத்தக் கலத்தில் வேகவைத்தால் படிகமாகும். கூழில் சேர்த்த கரிமப் பொருளைச் சுற்றிப் படிகம் வளரும். பிறகு அப்பொருளை எரித்துவிட்டால் துளை மிஞ்சும். அலுமினாவைக் கூட்டிக் குறைத்து அமிலத்தன்மையையும் மாற்றலாம்.

இத்தகைய ஊக்கிகளுக்கு நம் நாடு வெளிநாடுகளையே நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. சென்னை லயோலா கல்லூரியில் படித்த பால் ரத்தினசாமியும் புனா தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்துச் சகாக்களும் 'என்ஸிலைட்' என்ற ஸியோலைட்டை உருவாக்கினர். 1980-களில் பரோடாவின் பெட்ரோ ரசாயனத் தொழிற்சாலையில் அது வேலைக்கு வந்தது. ரத்தினசாமி 1995 முதல் 2002 வரை ஆய்வுக்கூடத்தின் டைரக்டராக இருந்தார். 2001-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

உலகம் அதன்பின் இன்னும் முன்னேறியிருக்கிறது. உலோக அணுக்களை மூட்டாகவும் கரிம மூலக்கூறுகளைச் சட்டமாகவும் கோத்து, வேண்டிய அளவில் அறைகள் கட்டும் முறையை வளர்த்த கிட்டகாவா, ராப்ஸன், யாகி மூவரும் 2025-ல் ரசாயன நோபல் பரிசு பெற்றனர்.

அச்சு கைக்கு அடங்கினால் துணி நம் இஷ்டம். தெள்ளார் நெசவாளருக்கு இது புதிய பாடமா என்ன?