எவ்வளவு மழைக்கு மலை சரியும்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. காற்று ஓய்ந்தது, மழை ஓயவில்லை. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 503 மி.மீ., ஏற்காட்டில் 238 மி.மீ. கொட்டித் தீர்த்தது. திருவண்ணாமலையில் மலையடிவார வீட்டின் மேல் மண்ணும் பாறையும் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையிலும் பல இடங்களில் மண் சரிந்தது. மலையேறும் குப்பனூர் பாதை சேதமடைந்து போக்குவரத்து நின்றது.

ஒரே மழையில் ஏன் இத்தனை இடங்கள் சரிகின்றன? இந்த மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் சாலைக்காக வெட்டிய மண்சுவரைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். மேலே வேர்கள் பின்னிய கறுத்த மண். அதன்கீழ் செம்மண், அதற்குள் பாதி சிதைந்த உருண்டைப் பாறைகள். அடியில் சார்னக்கைட் எனும் கெட்டிப் பாறை. மண்ணுக்குள் எளிதில் இறங்கும் மழைநீர், பாறையில் முட்டித் தேங்குகிறது. மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்தி நிற்பதால் உண்டாகும் உராய்வுதான் சரிவைப் பிடித்து நிறுத்துகிறது. இடுக்குகளில் நீர் நிரம்பி அழுத்தம் ஏறினால் அந்தப் பிடி தளரும். ஊறிய மண்ணின் பாரமும் கூடும். சாலைக்காக அடித்தாங்கலை வெட்டி எடுத்த இடம் எளிதில் விழும். தடுப்புச்சுவர்களில் நீர் வடியத் துளைகள் விடுவது இதற்காகத்தான். அவை அடைபட்டால், தேங்கிய நீரின் அழுத்தம் முழுவதும் சுவரின் மேல் விழும்.

ஒரே நேரத்தில் பல இடங்கள் சரிவது பனிமலைகளிலும் உண்டு. இமயமலையில் பனிப்புயல் வீசும்போது, புதுப்பனியின் பாரம் தாங்காமல் பனிச்சரிவுகள் தாமாகவே அடுத்தடுத்து விழும். ஒரு பனிச்சரிவு விழுந்தால், அதே உயரத்தில் அதே திசை பார்த்த மற்ற மலைச்சரிவுகளும் ஆபத்தில் இருப்பதாகவே கண்காணிப்பாளர்கள் கொள்வார்கள். இடம், நேரம், அளவு எல்லாம் பதிவாகும். பனிச்சரிவு ஆய்வுக்கென்றே 1969-இல் மணாலியில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது.

மழையால் சரியும் மலைகளுக்கும் பதிவுதான் அடிப்படை. உலகின் பல பகுதிகளில் நேர்ந்த 73 சரிவுகளின் மழைக்கணக்கைத் திரட்டி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு பெய்தால் மண் சரியத் தொடங்கும் என்று 1980-இல் நெல் கெய்ன் எனும் ஆய்வாளர் ஓர் எல்லைக்கோடு வரைந்தார். 24 மணி நேரத்துக்கு அது ஏறக்குறைய 100 மி.மீ. ஏற்காட்டில் பெய்தது அதைப்போல் இருமடங்குக்கும் மேல். ஆனால் அது உலகுக்கான பொதுக்கோடு. மண்ணின் ஆழம், சரிவின் செங்குத்து, முந்தைய நாட்களின் ஈரம் ஆகியவற்றைப் பொறுத்து மலைக்கு மலை கோடு மாறும்.

இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2024 ஜூலையில் கொல்கத்தாவில் நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியது. முன்னறிவிப்பு முயற்சி முதலில் எட்டிய மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. சேர்வராயனுக்கும் அத்தகைய முன்னறிவிப்பு வேண்டும். அதற்கான எல்லைக்கோட்டை வரைய இந்த மலையின் சரிவுகளே சான்று. ஜேசிபி மண்ணை அள்ளிப் பாதையைத் திறந்ததும் அந்தச் சான்று போய்விடுகிறது. அள்ளுவதற்கு முன் ஒரு படம், எந்த வளைவு, எத்தனை மணி என்ற குறிப்பு, அருகிலுள்ள மழைமானியின் அளவு ஆகியவற்றைச் சாலைப் பணியாளர்களும் காபித் தோட்டக்காரர்களும் பள்ளிகளும் பதிந்து வைக்கலாம். சாலையோரம் கூடையளவு மண் விழுந்தாலும் அது கணக்கில் வர வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இந்தப் பதிவேட்டைத் தொடங்க மழைமானியும் கைபேசியும் போதும்.