பல் மருத்துவரிடம் போகப் பயமா? கேள்வி கேளுங்கள், அது உங்கள் உரிமை

கிராம்பு, உப்புத் தண்ணீர், மெடிக்கல் ஷாப் மாத்திரை. பல்வலி வந்தால் நம்மில் பலரும் ஏறி இறங்கும் படிகள் இந்த மூன்றும்தான். நான்காவது படியான பல் மருத்துவமனையை மிதிப்பதற்குள் மாதக்கணக்கில் ஓடிவிடும். கன்னம் வீங்கி, சோறு மெல்ல முடியாமல், இரவெல்லாம் தூக்கம் கெட்ட பிறகுதான் "இனி வேறு வழியில்லை" என்று கிளம்புவோம். ஏன் இத்தனை நாள் போகவில்லை என்று கேட்டால் நேரமில்லை என்போம், செலவு என்போம். பலருக்கு உள்ளுக்குள் இருக்கும் காரணம் பயம்.

அந்தப் பயத்தைக் கேலி செய்வதில் பயனில்லை. வாயைத் திறந்தபடி மல்லாந்து படுத்திருக்கும்போது பேச முடியாது, என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது. காதருகே கருவி கீச்சிடும். சிறு வயதில் பட்ட வலி, உறவினர் சொன்ன கதை, பில் எவ்வளவு வருமோ என்ற கவலை எல்லாம் அந்த நேரத்தில் சேர்ந்துகொள்ளும். இப்படிப் படுத்திருப்பவரிடம் "தைரியமா இருங்க" என்று சொன்னால் போதாது. அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள் என்ற உறுதி வேண்டும். இந்த இரண்டும் நல்ல மருத்துவர் மனம்வைத்துத் தரும் சலுகைகள் என்று பலர் நினைக்கிறார்கள். அவை நோயாளியின் உரிமைகள்.

தள்ளிப்போடத் தள்ளிப்போட வலி கூடும்

சொத்தை, பல்லின் மேல் அடுக்கான எனாமலில் இருக்கும்வரை வலிக்காது. எனாமலில் நரம்பு கிடையாது. அந்த நிலையில் போனால் சுத்தம் செய்து அடைத்துவிடுவார்கள். பல நேரம் ஊசியே தேவைப்படாது. அடுத்த அடுக்குக்கு இறங்கியதும் ஐஸ் தண்ணீர் பட்டால் கூசும், இனிப்பு பட்டால் சுரீரென்று இருக்கும். பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள பகுதியை எட்டிவிட்டால் வலி துடிக்கத் தொடங்கும். பல்லைக் காப்பாற்ற ரூட் கெனால் எனப்படும் வேர் சிகிச்சை தேவைப்படும். அதையும் விட்டால் வேர் நுனியில் சீழ் கட்டும்.

சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும். மரத்துப்போவதற்காகப் போடும் ஊசி மருந்து அங்கே முழுமையாக வேலை செய்யாது. ஆரம்பத்தில் போயிருந்தால் வலியே தெரியாமல் முடிந்திருக்கும் சிகிச்சை, பயந்து தள்ளிப்போட்டவருக்கு உண்மையிலேயே வலிக்கிறது. வலித்ததால் அடுத்த முறை பயம் இரட்டிப்பாகிறது. அவர் மறுபடியும் தள்ளிப்போடுகிறார்.

மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் வலி மாத்திரை வலியை மறைக்கும், சொத்தையைத் தொடாது. நரம்பு செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் ஆன்டிபயாடிக்கும் உள்ளே இருக்கும் கிருமியைப் போய்ச் சேராது. வீக்கம் வற்றும், சில வாரத்தில் திரும்பி வரும். நாள்கணக்கில் வலி மாத்திரை விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பல்வலியோடு தாடைக்கு அடியில் வீக்கம் பரவி, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

முதல் நாளில் என்ன கேட்கலாம்?

முதல் முறை "பரிசோதனை மட்டும் போதும் டாக்டர், இன்னைக்கு எதுவும் செய்ய வேண்டாம்" என்று சொல்லலாம். பயமாக இருக்கிறது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பல்லை இவ்வளவு கெடுத்து வைத்திருக்கிறோமே, திட்டுவாரோ என்ற கூச்சம் வேண்டாம். உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய்கள் இருப்பதாக 2022-ல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. உங்கள் பல்லைப் போன்றதை அவர் தினமும் பார்க்கிறார்.

சிகிச்சை தொடங்கும் முன் ஒரு சைகையைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: "நான் இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவீர்களா?" சம்மதித்தபடி ஒரு தடவை அவர் நிறுத்திவிட்டாலே பாதி பதற்றம் இறங்கிவிடும்.

ஊசிதான் பயம் என்றால், ஊசி போடும் இடத்தில் முதலில் மரக்கும் ஜெல் தடவச் சொல்லுங்கள். மருந்தை மெதுவாகச் செலுத்தினால் வலி குறைவு. அந்த மருந்தோடு பெரும்பாலும் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும். ரத்தக் கசிவைக் குறைக்கவும் மரப்பு நீடிக்கவும் அது சேர்க்கப்படுகிறது. அதனால் ஊசி போட்டதும் சில நிமிடங்கள் நெஞ்சு படபடக்கலாம், கை லேசாக நடுங்கலாம். இது தெரியாதவர்கள் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போகிறார்கள். இதய நோய், ரத்த அழுத்தம், மருந்து ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பல்லைப் பிடுங்கும்போது அழுத்தம் தெரியும், நெறுநெறுவென்று சத்தம்கூடக் கேட்கும். கூர்மையான வலி தெரிந்தால் கையைத் தூக்குங்கள், கூடுதல் மருந்து கொடுக்க முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் முடியவில்லை என்பவர்களுக்கு, மூக்கு வழியே நைட்ரஸ் ஆக்சைடு வாயு கொடுத்துப் பதற்றத்தைக் குறைக்கும் வசதி சில மருத்துவமனைகளில் உண்டு. மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து ஒரே அமர்விலேயே சிகிச்சையை முடிப்பதும் உண்டு.

வயதுக்கு ஒரு கவனம்

குழந்தைகள்: முதல் பல் முளைத்ததும், ஒரு வயதுக்குள், ஒரு தடவை பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. வலி இல்லாத நாளில் போகும் குழந்தைக்கு அந்த அறை பழகிவிடும். நல்ல மருத்துவர் சுத்தம் செய்யும் பிரஷ்ஷை முதலில் குழந்தையின் விரல் நகத்தில் சுற்றவிட்டுக் காட்டுவார். கூச்சத்தில் குழந்தை சிரித்த பிறகுதான் வாய்க்குள் கொண்டுபோவார். வீட்டில் நாம் செய்ய வேண்டியது, "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்ற மிரட்டலை நிறுத்துவது. "வலிக்கவே வலிக்காது" என்று பொய்யும் சொல்ல வேண்டாம். லேசாக வலித்துவிட்டால் அடுத்த முறை பிள்ளை நம்மை நம்பாது.

ஆறு வயது வாக்கில், பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால் பல் என்று நினைத்து, "விழுந்து முளைக்கிற பல்தானே" என்று விட்டுவிடும் பெற்றோர் ஏராளம். அந்தப் பல் போனால் மறுபடி முளைக்காது. இரவில் பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கவிடுவது முன்பற்களை அரித்துவிடும். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போலக் குடிநீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள பகுதிகளில் மட்டும் பேஸ்ட் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பிள்ளைகளின் பல்லில் தெரியும் பழுப்புக் கறை தண்ணீரால் வருவது. சரியாகத் துலக்கவில்லை என்று அவர்களைத் திட்டாதீர்கள்.

கர்ப்பிணிகள்: கர்ப்ப காலத்தில் ஈறு வீங்கி ரத்தம் கசிவது சகஜம். "பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. சுத்தம் செய்தல், அடைத்தல், தேவையானால் பிடுங்குதல் எல்லாமே பாதுகாப்பாகச் செய்யலாம். நான்கு முதல் ஆறாவது மாதம்வரை சிகிச்சைக்கு உட்கார வசதியான காலம்.

நடுவயதினர்: சர்க்கரை நோய் ஈறு நோயைக் கூட்டும், ஈறு நோய் சர்க்கரையைக் கூட்டும். சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்பது தவறான நம்பிக்கை. இடுக்கில் நிறைந்திருந்த காறை போனதும் இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான். மேல் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்பதிலும் உண்மை இல்லை. புகையிலை சேராத வெறும் பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தாலோ, காரம் பட்டால் எரிந்தாலோ, புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தாலோ உடனே காட்டுங்கள்.

முதியோர்: "இனிமே எனக்கெதுக்குப் பல்லு" என்று பெரியவர்கள் சொல்வதை அப்படியே விட்டுவிடக் கூடாது. மெல்ல முடியாதவர் கஞ்சியும் பன்னும் தின்றே மெலிந்துபோவார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பல் பிடுங்குவதற்காகத் தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது. பல் செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவையுங்கள். ஈறு ஆறிக்கொள்ளும்.

நியாயமான பயமும் உண்டு

எல்லாப் பயமும் மனப்பிரமை இல்லை. 2023-ல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில், திறந்த சலைன் பாட்டிலையே அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியதில் கிருமித் தொற்று பரவி எட்டுப் பேர் உயிரிழந்ததாக மருத்துவ ஆய்வில் தெரியவந்தது. இப்படி நடப்பது அரிது. ஆனாலும் சில விஷயங்களைக் கண்ணால் பார்த்துக்கொள்வது நமக்குப் பாதுகாப்பு.

கருவிகள் சீல் வைத்த உறையிலிருந்து உங்கள் கண் முன்னே பிரிக்கப்பட வேண்டும். சூடேற்றிக் கிருமி நீக்கியிருந்தால் உறையின் மேல் உள்ள அடையாளக் கோடு நிறம் மாறியிருக்கும். கையுறை, ஊசி, எச்சில் உறிஞ்சும் குழாய் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். சலைன் உங்களுக்கென்று புதிதாகத் திறக்கப்பட வேண்டும். "இது ஸ்டெரிலைஸ் பண்ணினதுதானே?" என்று கேட்டால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மருத்துவரின் படிப்பும் முக்கியம். பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். முடித்து, தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் இங்கே சிகிச்சை தரலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். "அப்பா காலத்திலிருந்து பல் கட்டுகிறோம்" என்பது தகுதி ஆகாது.

உங்கள் உரிமைகள் என்னென்ன?

என்ன நோய், என்னென்ன சிகிச்சை வழிகள், செய்யாவிட்டால் என்ன ஆகும், எவ்வளவு செலவாகும் என்பதைப் புரியும் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். செலவை எழுதித் தரச் சொல்லுங்கள். வேர் சிகிச்சைக்குச் சொல்லும் தொகையில் பல்லின் மேல் மாட்டும் கேப் சேர்ந்ததா இல்லையா என்பதில்தான் பெரும்பாலும் தகராறு வருகிறது. ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதத்தை வைத்து வேறு சிகிச்சை செய்யக் கூடாது என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிருக்கு ஆபத்தான அவசர நிலை மட்டுமே விலக்கு. அடைக்க உட்கார்ந்தவரின் பல்லைக் கேட்காமல் பிடுங்க முடியாது.

எக்ஸ்ரே, சீட்டு, பில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாப் பல்லையும் எடுத்துட்டு இம்ப்ளான்ட் வைக்கலாம்" என்பது போன்ற பெரிய சிகிச்சைக்கு முன் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். எச்.ஐ.வி. தொற்று உள்ளவருக்குச் சிகிச்சை மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு மருத்துவமனையில் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்.

பணம் இல்லை என்றால்?

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1953 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தவிர, சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. உங்கள் ஊருக்கு அருகில் எங்கே வசதி இருக்கிறது என்று 104-ல் விசாரிக்கலாம். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. அங்கே மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் சிகிச்சை செய்வார்கள்.

தவறு நடந்தால் எங்கே போவது?

சிகிச்சை பலன் தராததெல்லாம் அலட்சியம் ஆகிவிடாது. சரியாகச் செய்த வேர் சிகிச்சைகூடச் சில நேரம் தோற்கும். முதலில் அதே மருத்துவரிடம் பேசுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் வேறொரு பல் மருத்துவரிடம் காட்டி அவருடைய கருத்தை எழுத்தில் வாங்குங்கள். மருத்துவரின் நடத்தை, தகுதி பற்றிய புகாரை மாநில பல் மருத்துவ கவுன்சிலுக்கு அனுப்பலாம். போலி மருத்துவர் என்றால் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வழிகாட்டுதலுக்கு 1915, இலவசச் சட்ட உதவிக்கு 15100. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே மருத்துவமனைத் தலைமைக்கு எழுதுங்கள், அல்லது முதல்வரின் உதவி எண் 1100-ல் புகார் செய்யுங்கள்.

வலி இல்லாத இன்றைக்கே ஒரு பல் மருத்துவமனைக்குப் போன் போட்டு, பரிசோதனைக்கு மட்டும் நேரம் வாங்குங்கள். கேட்க வேண்டிய கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக் குழந்தையையும் பெரியவரையும் கூடவே கூட்டிப்போங்கள். கேள்விக்கு முகம் சுளிக்கும் மருத்துவரிடம் உங்கள் பல்லை ஒப்படைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பொறுமையாகப் பதில் சொல்பவரைத் தேடிப் போங்கள்.