சக்கரம் இறங்காவிட்டால் விமானம் என்ன செய்யும்?

லாபு, லுக்குட் பக்கத்துத் தோட்டங்களில் வளரும் மாணவர்களுக்கு விமானம் புதிதல்ல. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் பக்கத்தில்தான். தாழ்ந்து வரும் விமானத்தை அடுத்த முறை அண்ணாந்து பார்க்கும்போது அதன் அடிப்பகுதியைக் கவனியுங்கள். மூக்குக்குக் கீழே ஒரு கால், இறக்கைப் பக்கம் இரண்டு கால்கள். தரையிறங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது இந்த மூன்றும் மடிப்பிலிருந்து வெளியே வரும்.

வராவிட்டால்?

6 மே 2021 அன்று இந்தியாவின் நாக்பூரிலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு ஹைதராபாத்துக்குப் புறப்பட்டது சி-90 ரகச் சிறிய விமானம். தனியார் நிறுவனங்கள் அதிகாரிகளை ஏற்றிச் செல்லப் பயன்படுத்தும் ரகம்தான். அன்று அது பறக்கும் ஆம்புலன்ஸ். மேலெழும்பும்போதே அதன் சக்கரம் ஒன்று கழன்று கீழே விழுந்துவிட்டது. விமானிகள் விமானத்தை மும்பைக்குத் திருப்பினார்கள். அங்கே ஓடுபாதையில் நுரை தெளித்துவைத்தார்கள். மீதிச் சக்கரங்களையும் இறக்காமல், வயிற்றாலேயே விமானத்தை உரசி நிறுத்தினார்கள். உள்ளே இருந்த 5 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

மீதமிருந்த சக்கரங்களை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கலாம். ஒரு பக்கம் கால் ஊன்றி, மறுபக்கம் ஊன்றாமல் போனால் இறக்கை தரையில் இடித்து விமானம் சுழன்றுவிடும். வயிறு என்றால் இரு பக்கமும் சமமாக உரசும்.

சக்கரம் எப்படி இறங்குகிறது என்பதற்கு உதாரணம் உங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது. செம்பனைக் குலைகளைக் கவ்வித் தூக்கும் டிராக்டரின் இரும்புக் கையைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெயை அழுத்தினால் அந்த அழுத்தம் குழாய் முழுவதும் ஒரே அளவில் பரவும். குறுக்குப் பரப்பு பெரிதாக உள்ள இடத்தில் விசை பெரிதாகும். படிவம் 5 இயற்பியலில் வரும் பாஸ்கல் தத்துவம் இதுதான். விமானத்தில் இயந்திரம் சுழற்றும் பம்பு எண்ணெயை அழுத்துகிறது. பல விமானங்களில் இந்த அழுத்தம் 3,000 பி.எஸ்.ஐ. கார் டயரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு! விமானி நெம்புகோலைக் கீழே தள்ளியதும் காலைப் பிடித்திருக்கும் கொக்கி விலகும், எண்ணெய் காலைத் தள்ளும், கால் நேராகிப் பூட்டிக்கொள்ளும். மூன்று கால்களுக்கு மூன்று பச்சை விளக்குகள். மூன்றும் எரிந்தால்தான் விமானிக்கு நிம்மதி.

டிராக்டரின் எண்ணெய்க் குழாய் வெடித்தால் இரும்புக் கை வேலை செய்யாது. அன்றைய வேலை நிற்கும், அவ்வளவுதான். விமானத்தில் அப்படி விட முடியாது. அதனால் வேறு வழி வைத்திருக்கிறார்கள். போயிங் 737 விமானத்தில் விமானி அறைத் தரையில் ஒரு சிறிய மூடி உண்டு. அதைத் திறந்து கைப்பிடிகளை இழுத்தால் கொக்கிகள் விலகும். கால்கள் தம் எடையாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். புவியீர்ப்புக்குப் பம்பு தேவையில்லையே! சில சிறிய வணிக ஜெட்களில் அழுத்திய நைட்ரஜன் நிரப்பிய உருளை ஒன்று இருக்கும். எண்ணெய் கைவிட்டால் அந்த வாயு காலைத் தள்ளும்.

11 அக்டோபர் 2024 அன்று திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் இந்த எண்ணெய் அமைப்பில்தான் கோளாறு. சுமார் 140 பயணிகளுடன் அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் வட்டமடித்தது. தொலைக்காட்சி பார்த்தவர்கள் பதறினார்கள். உண்மையில் அந்த வட்டம் ஒரு கணக்கு: 737 ரகத்தில் எரிபொருளை வானில் கொட்டும் வசதி இல்லை, எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். எடை குறைந்த பிறகு சக்கரங்கள் முறையாக இறங்கின, விமானமும் பத்திரமாக இறங்கியது.

ஆக, சக்கரம் இறங்காத கதைகள் பார்ப்பதற்குத்தான் பயங்கரம். விமானிக்குத் தயாராக நேரம் கிடைக்கிறது. என்னைப் பொறுத்தவரை அதைவிட அஞ்ச வேண்டியது வேறொன்று.

19 செப்டம்பர் 2008, நள்ளிரவு நெருங்கும் நேரம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் லியர்ஜெட் 60 ரக வணிக ஜெட் ஒன்று ஓடுபாதையில் வேகமெடுத்தது. கால்கள் மூன்றும் ஒழுங்காக நீண்டு பூட்டியிருந்தன. ஆனால் டயர்களில் காற்று குறைவு. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி விரியும். அதனால் சூடேறும், உள்ளிழைகள் தளரும். டயர்கள் வெடித்துச் சிதறின.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. சிதறிய துண்டுகள், 'விமானம் தரையில் இருக்கிறதா, வானில் இருக்கிறதா' என்று சொல்லும் உணரியின் இணைப்பைச் சேதப்படுத்தின. ஓட்டத்தை நிறுத்த விமானிகள் இயந்திரத்தின் உந்துவிசையை எதிர்த்திசைக்குத் திருப்பினார்கள். விமானமோ தான் வானில் இருப்பதாக நம்பி, அந்த அமைப்பை மூடிவிட்டது. இயந்திரம் மட்டும் முழங்கியபடி விமானத்தை முன்னே தள்ளியது. நிறுத்துவதற்கான வேக எல்லையைத் தாண்டிய பிறகே விமானிகள் நிறுத்த முயன்றதும் ஒரு காரணம். ஓடுபாதையைத் தாண்டி, சாலையைக் கடந்து, மண்மேட்டில் மோதித் தீப்பிடித்தது. 6 பேரில் இரண்டு விமானிகளும் இரண்டு பயணிகளும் இறந்தார்கள்.

விசாரணையில் தெரிந்தது இது: அந்த ரக டயர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு காற்றை இயல்பாகவே இழக்கும். ஓட்டை எதுவும் வேண்டியதில்லை. சுமார் 3 வாரங்களாக யாரும் அழுத்தத்தை அளக்கவில்லை. கால்குலேட்டரை எடுங்கள். 0.98 என்பதை 21 முறை தன்னோடு தானே பெருக்குங்கள். 0.65 வரும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்று போய்விட்டது!

இந்தக் குறைவு கண்ணுக்குத் தெரியாது. சைக்கிள் டயர்போல் தட்டையாகி அது தன்னைக் காட்டிக்கொடுக்காது. அருகில் நின்று பார்த்தாலும் உதைத்துப் பார்த்தாலும் பயனில்லை. அழுத்தமானி வைத்து அளந்தால்தான் தெரியும். டயரின் அழுத்தத்தை விமானிக்கே காட்டும் கருவியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்த விபத்துக்குப் பிறகு பரிந்துரைத்தது.