முறுக்குத் தண்டுத் தொங்கல் அமைப்பின் உயரச் சீரமைப்பு

முறுக்குத் தண்டுத் தொங்கல் அமைப்பின் உயரச் சீரமைப்பு என்பது பிக்கப் வண்டியின் முன்பகுதி தரையிலிருந்து நிற்கும் உயரத்தை ஒரு திருகாணியின் மூலம் கூட்டுவதோ குறைப்பதோ ஆகும். சுருள்வில்லுக்குப் பதிலாக 'டார்ஷன் பார்' எனப்படும் நீண்ட எஃகுத் தண்டு பொருத்தப்பட்ட வண்டிகளில் மட்டுமே இம்முறை பயன்படும். 1988 மாதிரியாக அறிமுகமான தலைமுறையின் செவ்ரோலெட் நான்கு சக்கர இயக்கப் பிக்கப்புகள், 1998 முதல் 2011 வரை வட அமெரிக்காவில் விற்கப்பட்ட நான்கு சக்கர இயக்க போர்ட் ரேஞ்சர் ஆகியவை இத்தகையவை.

அமைப்பு

தண்டின் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கட்டுப்பாட்டுக் கரத்துடன் இணைந்திருக்கும். மறுமுனை, சட்டத்தின் குறுக்கு விட்டத்தில் உள்ள 'கீ' எனப்படும் சிறு நெம்பில் செருகப்பட்டிருக்கும். சக்கரம் மேலெழும்போது தண்டு முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கே வில்லாகச் செயற்பட்டு வண்டியின் எடையைத் தாங்குகிறது. நெம்பை அழுத்தி நிற்கும் திருகாணியை இறுக்கினால் வண்டி உயரும், தளர்த்தினால் தாழும்.

திருகாணியை இறுக்கினால் வில் கடினமாகும் என்பது பரவலான தவறான எண்ணம். தண்டின் விறைப்பு அதன் விட்டத்தையும் நீளத்தையும் பொறுத்தது. விட்டம் இருமடங்கானால் விறைப்பு 16 மடங்காகும். திருகாணி தண்டின் தொடக்க நிலையை மட்டுமே மாற்றுகிறது. உயர்த்திய வண்டி குலுங்குவதற்குக் காரணம் வேறு: கரம் கீழிறங்க வேண்டிய இடைவெளி குறைந்து, சிறு பள்ளத்திலும் அது தடுப்பில் மோதுகிறது.

செய்முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும்.
2. முன்பகுதியைச் சிலமுறை அழுத்திவிட்டு, அது தானாக அமர்ந்தபின் இருபுறமும் உயரத்தை அளக்க வேண்டும். தயாரிப்பாளர் கையேடு கூறும் அளவிடங்களையே பின்பற்றுதல் நன்று.
3. சட்டத்தை ஜாக்கியால் உயர்த்தி உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்த வேண்டும். சக்கரங்கள் தொங்கும்போது திருகாணியின் மீதுள்ள சுமை குறையும்.
4. மரையில் எண்ணெயிட்டு, சுற்றுகளை எண்ணியபடி சிறிது சிறிதாகத் திருக வேண்டும்.
5. வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் சற்று உருட்டி, மீண்டும் அளக்க வேண்டும். தொங்கும் நிலையில் எடுத்த அளவு பயன்படாது.

இருபுறமும் ஒரே எண்ணிக்கையில் திருகினாலும் உயரம் ஒத்திருக்கும் என்பதில்லை. அளவுநாடாவே இறுதிச் சான்று.

விளைவுகள்

உயரம் மாறியதும் சக்கரங்களின் சாய்வும் முன்னோக்கிய கோணமும் மாறிவிடும். சக்கரச் சீரமைப்பு செய்யாவிட்டால் டயரின் ஒரு விளிம்பு விரைவில் தேயும். முகப்பு விளக்குகளின் திசையையும் சரிசெய்ய வேண்டும். அளவுக்கு மீறி உயர்த்தினால் முன் அச்சு மூட்டுகளின் கோணம் கூர்மையாகி, நான்கு சக்கர இயக்க வண்டிகளில் அவை விரைந்து தேயும். அதிகம் தாழ்த்தினால் கரம் ரப்பர் தடுப்பில் அடிக்கடி மோதும்.

எச்சரிக்கை

முறுக்கப்பட்ட தண்டில் பெரும் ஆற்றல் தேங்கியுள்ளது. தண்டையோ நெம்பையோ கழற்றுவதற்கு அதற்குரிய தளர்த்தும் கருவி தேவை. அஃதில்லாமல் கழற்றினால் நெம்பு தெறித்துக் கடுங்காயம் விளைவிக்கும். இடது, வலது தண்டுகளை மாற்றிப் பொருத்தலாகாது. ஒவ்வொன்றும் ஒரு திசை முறுக்குக்கென்றே பதப்படுத்தப்பட்டது. ஒருபக்கம் திடீரெனத் தாழ்ந்திருந்தால், திருகாணியைத் தொடுமுன் தேய்ந்த புஷ்களையும் உடைந்த பாகங்களையும் தேடுவதே முறை.