ஈரப்பலாவும் கொழுந்தும்

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் பயணப்பை கட்டிக்கொண்டிருந்தேன். குசினியில் அம்மா ஈரப்பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய துண்டு எதுவும் பலகையில் தங்கவில்லை, நேரே தண்ணீர்ச் சட்டிக்குள் விழுந்தது. அக்காவின் மகள் மட்டும் ஒரு துண்டைக் களவாக எடுத்து ஜன்னல் ஓரம் வைத்துக் காவலிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதன் வெள்ளை முகம் பழுப்பேறியது.

"அம்மாயி, இது அழுகிப்போச்சு!"

"அழுகலடி. காத்து பட்டுருச்சி. அதுக்குத்தானே தண்ணியில போடுறது" என்ற அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ எங்க கெளம்பிட்ட?"

"தெல்தோட்டைக்கு, பயலுகளோட."

"தெல் இங்க சட்டியிலயே கெடக்கு. அதத் தேடி அவ்வளவு தூரம் போகணுமா?"

சிங்களத்தில் ஈரப்பலாவுக்குத் தெல் என்று பெயர். அதே பேரினத்தில் இலங்கைக்கே உரிய காட்டு மரம் ஒன்றுக்கும் அதுதான் பெயர். தொட்ட என்றால் துறை. அம்மாவின் பகிடியை அப்போது சிரித்துக் கடந்துவிட்டேன். அந்தச் சட்டியில் கிடந்ததும் நாங்கள் பார்க்கப் போனதும் ஒரே இரசாயனம் என்பது சனிக்கிழமை விடியும் முன்தான் புரிந்தது.

என்னோடு சேர்த்துப் பள்ளிக்கூட நண்பர்கள் நால்வர். ஒருவன் கணக்கு வாத்தியார், ஒருவனுக்கு வங்கியில் வேலை, மற்றவன் தெல்தோட்டைப் பக்கத்து லயத்தில் பிறந்தவன். பேராதனையில் திரும்பி, பல்கலைக்கழகத்தைத் தாண்டி, கலஹா வழியாக ஏறும் பாதை. முடக்குக்கு முடக்கு வாத்தியாரின் முகம் வெளுத்தது. உட்காதிலுள்ள திரவம் உடல் திரும்புகிறது என்கிறது, முன் சீற்றையே வெறிக்கும் கண் இல்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வயிறு குமட்டுகிறது. தூரத்து மலையைப் பார்க்கச் சொன்னோம். அவன் கேட்கவில்லை. வாத்தியார்மார் கேட்பதில்லை.

இரவு நண்பனின் சித்தப்பா வீட்டில் தங்கினோம். அவர் ஒரு தேயிலை ஸ்டோரில் வேலை செய்பவர். "காலையில மூணு மணிக்கு எழும்பணும்" என்றார். விடுமுறைக்கு வந்தவர்களிடம் சொல்லக்கூடிய பேச்சா இது?

காரணம் இருந்தது. பகலில் பறித்த கொழுந்து மாலையில் ஸ்டோரின் வாட்டும் மாடிக்கு ஏறுகிறது. பறித்துவிட்டார்கள் என்பதற்காக இலை செத்துவிடுவதில்லை, மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. சாக்கில் அமுக்கித் திணித்தால் அந்த மூச்சின் சூட்டிலேயே சிவந்து பாழாகும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதைப் பரப்பி, அடியிலிருந்து காற்றூதி, பன்னிரண்டு மணி நேரம் முதல் பதினெட்டு மணி நேரம் வரை வாட வைக்கிறார்கள். தண்ணீர் பாதியளவுக்கு இறங்கியதும் இலை துணிபோலத் துவளும், முறுக்கினாலும் ஒடியாது. அப்போதுதான் ரோலரில் போடலாம். அது விடியற்காலையின் குளிரும் ஈரமும் உள்ள நேரமாக அமைந்தால் நல்லது, ஏனென்றால் அடுத்து நடப்பது சூட்டில் கெட்டுவிடும் வேலை.

அரைத் தூக்கத்தில் ரோலர் அறைக்குள் நுழைந்தோம். முதலில் வந்தது புல் வெட்டிய மணம். பித்தளைத் தட்டின்மேல் பெரிய உருளை வட்டமிட்டு வட்டமிட்டு இலையைப் பிசைந்தது. சப்பாத்தி மாவு பிசையும் அக்காவின் கை ஞாபகம் வந்தது. "இலையச் சுருட்டுறதுன்னு நெனைக்காதீங்க தம்பி. ஒடைக்கிறம்" என்றார் சித்தப்பா.

அவர் சொன்னது உயிரியல் பாடமேதான். கொழுந்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பொலிபீனோல்கள், அவற்றில் பெரும்பகுதி கற்றெக்கின்கள். இவை கலத்தின் புன்வெற்றிடத்தில் அடைந்து கிடக்கின்றன. அவற்றை மாற்றவல்ல நொதியமான பொலிபீனோல் ஒட்சிடேசு வேறோர் அறையில், பச்சையவுருமணியில் இருக்கிறது. இலை முழுசாக உள்ளவரை இரண்டும் சந்திக்காது. நடுச்சுவர் உடைந்து காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்தால் நிறம் மாறத் தொடங்கும். ஈரப்பலாவை அம்மாவின் கத்தி வெட்டியபோதும் இதுவேதான் நடந்தது. வாழைக்காயிலும் கத்தரிக்காயிலும் இதே கதை. அம்மா காற்றை மறித்துத் தண்ணீரில் போடுகிறார், ஸ்டோர்க்காரர்கள் காற்றை அழைத்துப் பரப்பி வைக்கிறார்கள். குசினியில் குற்றம், ஸ்டோரில் கைத்தொழில்!

ரோலரிலிருந்து இறங்கியதைச் சல்லடையில் பிரித்தார்கள். அதற்குப் பெயர் தூள். ஆங்கிலத் தேயிலை நூல்களிலும் அச்சொல் அப்படியே நிற்கிறது. தூளைத் தட்டையாகப் பரப்பிவிட்டுக் காத்திருப்பதைப் 'புளிக்க வைப்பது' என்பார்கள். இந்தப் பெயர் பிழை. தோசை மாவைப் புளிக்க வைப்பது நுண்ணங்கிகள், இங்கே அவற்றுக்கு வேலையில்லை, இலையின் சொந்த நொதியமே எல்லாம் செய்கிறது. கற்றெக்கின்கள் இணைந்து முதலில் தியாஃபிளவின்கள் உருவாகின்றன. சாயத்தின் பொன்சிவப்புப் பளபளப்பும் நாக்கில் சுள்ளென்ற பிடியும் இவற்றால் வருபவை. நேரம் போகப்போகக் கபில நிறத் தியாருபிஜின்கள் கூடுகின்றன. சாயத்துக்குக் கடுமையும் கனமும் தருபவை இவை. இந்த இரண்டையும் 1950களில் பிரித்துக் காட்டியவர் ரொபர்ட்ஸ் என்ற இரசாயனவியலாளர். தியாஃபிளவின் ஓர் உச்சத்துக்கு ஏறி, பிறகு இறங்கும். அந்த உச்சத்தைத் தவறவிட்டால் தேநீர் சப்பென்றிருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க அறையில் ஒரு கருவியும் இல்லை. சித்தப்பா ஒரு பிடி தூளை அள்ளி மூக்கருகே பிடித்தார். புல் மணம் போய், பழமும் பூவும் கலந்த வாசம் வந்திருந்தது. நிறம் விளக்கிய செப்புக்குடம். "இப்ப" என்றார். தூள் அடுப்புக்குப் போயிற்று. சூடு பட்டதும் நொதியம் செயலிழக்கிறது, ஈரம் நூற்றுக்கு மூன்றளவில் நிற்கிறது. நாலரைக் கிலோ கொழுந்து போட்டால் ஒரு கிலோ தேயிலை தேறும். கிறீன் டீ செய்பவர்கள் இந்தச் சூட்டைத் தொடக்கத்திலேயே காட்டி, நொதியம் விழிக்கும் முன்பே முடக்கிவிடுகிறார்கள்.

வெயில் ஏறியதும் லூல்கந்துர தோட்டத்துக்குப் போனோம். பெயரைப் பிரித்தால் விரால் மீன் ஓடை. 1852இல் பதின்ம வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867இல் இங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கையில் வணிகத்துக்காக நட்ட முதல் தேயிலை அதுதான். ஏழாம் நம்பர் மலை என்று இன்றும் காட்டுகிறார்கள். இரண்டு வருடங்களில் கோப்பி இலையில் துருப் பங்கசு தென்பட்டது, அடுத்த இருபது வருடங்களுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலைக்கு வழிவிட்டன. டெய்லருக்கு முதலில் ஸ்டோரும் இல்லை, ரோலரும் இல்லை. பங்களா விறாந்தையில் மேசை போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி மூட்டிக் காய வைத்தார்கள். அவருடைய மரக்குடிலில் மிஞ்சியது புகைபோக்கி. அவர் உட்கார்ந்து பார்த்த கல் ஆசனமும் இருக்கிறது. நாங்களும் வரிசையில் நின்று உட்கார்ந்து படம் எடுத்தோம், எல்லாரையும் போல.

1892இல் அவர் இறந்தபோது இருபத்துநான்கு பேர் முறைவைத்துக் கண்டிக்குச் சுமந்துபோய், மஹய்யாவை மயானத்தில் அடக்கம் செய்தார்கள். தொழிலாளர்கள் 'சாமி துரை' என்று அழைத்தார்களாம். அந்த விறாந்தையில் முழங்கை தேய உருட்டிய கைகளுக்குப் பெயர்ப்பலகை எதையும் நான் காணவில்லை. கல் ஆசனத்தைவிட அந்த மேசையைத்தான் பார்க்க ஆசைப்பட்டேன்.

திரும்பி வந்ததும் சித்தி வெறுந்தேத்தண்ணி தந்தார், உள்ளங்கையில் சீனியோடு. ஒரு மிடறு, ஒரு நக்கு. எச்சிலிலுள்ள புரதங்களைப் பொலிபீனோல் பற்றிக்கொள்வதால் வாயில் வழுவழுப்புக் குறைந்து துவர்க்கிறது. பால் ஊற்றினால் பாற்புரதம் முந்திக்கொள்கிறது, எச்சில் தப்புகிறது. வாத்தியார் மூன்று கோப்பை குடித்தார். இறங்கும்போது முன் சீற்றில் ஏறி மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஞாயிறு பகல் வீட்டில் சோறும் ஈரப்பலாக் கறியும். சாப்பிட்டு முடித்த கையோடு அக்கா தேத்தண்ணிக்குக் கை நீட்டினார். அவருக்குக் குருதிச்சோகை, கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். வாயில் எச்சிற் புரதத்தைப் பிடிக்கும் அதே பொலிபீனோல், குடலில் பருப்பும் கீரையும் தரும் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. சாப்பாட்டோடு குடித்தால் அந்த இரும்பில் பாதிக்கு மேல் உடலில் சேராமலே போய்விடலாம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் தடை வெகுவாகக் குறையும். தேசிக்காய்ப்புளி சேர்த்த கறி இரும்பை உள்ளே இழுக்க உதவும். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் குருதிச்சோகை நெடுங்காலப் பிரச்சினை. வறுமையும் சாப்பாட்டுக் குறைவும்தான் பெரிய காரணங்கள். ஆனால் ரொட்டியும் சாயத்தண்ணியும் ஒன்றாகவே இறங்கும் காலைச் சாப்பாட்டையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

நான் இதைச் சொல்லி முடிக்கும் முன் அக்காவின் மகள் அந்தக் கோப்பையை எடுத்துப்போய் அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிட்டாள். கடுஞ்சாயம் கண்முன்னே வெளிறி மஞ்சளானது. புளி கூடும்போது தியாருபிஜின்களின் நிறம் இறங்கிவிடுகிறது.

"மாமா, ஈரப்பலாவுக்குப் பிழிஞ்சா?"

"பழுப்பாகாது. புளியில அந்த நொதியம் வேலை செய்யாது."

"அப்ப அம்மாயி ஏன் தண்ணியில போட்டாங்க?"

அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தேசிக்கா என்ன வெல தெரியுமா?"

அக்கா மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.